மடிப்பிச்சையில் விழுந்த ஜெர்மன் காசு

எங்கள் பக்கத்தில் பிள்ளை தங்காத வீட்டுக்கு ஒரு வைத்தியம் உண்டு. மருந்துக்கடையில் கிடைக்காது. ஏழு வீட்டு வாசலில்தான் கிடைக்கும். பிள்ளையைப் பெற்றவள் முந்தானையை ஏந்திக்கொண்டு ஏழு வீட்டில் வெள்ளி பிச்சை கேட்க வேண்டும். கேட்கிறவள் காரணம் சொல்லக்கூடாது, போடுகிறவர்கள் காரணம் கேட்கக்கூடாது. விழுந்ததையெல்லாம் சேர்த்து உருக்கி அரைஞாண் செய்து பிள்ளைக்குக் கட்டிவிட்டால், தேடி வருகிற எமன், "சீ, இது பிச்சைக்காரப் பிள்ளை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவானாம். எமனுக்கும் பணக்காரன் ஏழை பார்க்கிற புத்தி இருக்கிறது என்று நம் ஆட்கள் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்தன. ஒன்று தொட்டிலிலேயே போனது. இன்னொன்று தவழப் பழகிவிட்டுப் போனது. மூன்றாவதாக ஒரு தம்பி பிறந்தபோது எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். அறுபதுகளின் கடைசி. கானாடுகாத்தானில் பெரிய வீடுகளுக்குப் பின்னால், ஆசாரிமார் குடியிருக்கும் தெருவில் எங்கள் வீடு. அப்பாவுக்குத் தச்சு வேலை. அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, நகை வேலை செய்கிறவர். இரண்டு தெரு தள்ளி அவருடைய பட்டறை. தங்கச்சி மேல் அவருக்கு இருந்த பாசத்தைப் பற்றி ஊரில், "கூடப் பிறந்தவளுக்குக் கால்ல முள்ளு குத்தினா இவன் நொண்டுவான்" என்று கேலி பேசுவார்கள்.

தம்பிக்குப் பேர் வைக்கும் முன்பே அம்மா மடி ஏந்தப் புறப்பட்டாள். துணைக்கு நான். ஒரு வீட்டில் தேய்ந்த மெட்டி போட்டார்கள். ஒரு வீட்டில் அறுந்த கொலுசின் முக்கால் பாகம். ஒரு வீட்டில் காது குடையும் வெள்ளிக் குச்சி விழுந்தது. அந்த வீட்டுக்காரி அதைப் போட்டுவிட்டு, "கழுவித்தான் வச்சிருந்தேன்" என்று சொன்னது எனக்குச் சிரிப்பை மூட்ட, அம்மா என் தொடையில் நிமிண்டினாள். ஏழாவதாகப் பெரிய வீடு.

அந்த வீட்டில் அப்போது ஆச்சி மட்டும்தான். செட்டியார் சைகோனில் வட்டிக்கடை வைத்திருந்தவர். கடையும் போய் அவரும் போய்ப் பல வருஷமாகிவிட்டது. ஒரே மகன் மெட்ராசில். முற்றத்தில் சமையல்காரப் பெண்ணோடு உட்கார்ந்து வடகம் காயவைத்துக்கொண்டிருந்த ஆச்சி, அம்மா முந்தானையை விரித்ததும் ஒன்றும் கேட்காமல் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பிஸ்கட் டப்பா. மூடியைத் திறந்தால் உள்ளே ஒவ்வொன்றும் அப்பளப்பூ அளவுக்குப் பெரிய வெள்ளைக் காசுகள். ஒன்றில் உடம்பெல்லாம் முடியாக ஒரு ராட்சசன், ஒரு முழு மரத்தை வேரோடு பிடுங்கிக் கையில் வைத்திருந்தான். பீமன் என்றுதான் நினைத்தேன். ஒன்றில் குதிரை தாவிக்கொண்டிருந்தது. ஒன்றில் ஒரே கழுகுக்கு இரண்டு தலை.

"அவுக சைகோன்லருந்து கொண்டாந்தது. எந்தப் பாதிரியோ அடகு வச்சுட்டு மீட்காமலே கப்பலேறிட்டானாம். கிடந்து என்ன செய்யப் போகுது" என்று சொல்லிக்கொண்டே ஆச்சி டப்பாவுக்குள் கையை விட்டு, கைக்கு வந்த ஒன்றை எடுத்துப் பார்க்காமலே மடியில் போட்டார். பிறகு அம்மாவின் தலையில் கையை வைத்து, "தங்கும், போ" என்றார்.

தெரு முனைக்கு வந்ததும் அம்மா அந்தக் காசை எடுத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் தலைமுடியை ரிப்பன் வைத்துக் கட்டிய ஒரு ஆள். திருப்பினாள். மேகத்துக்கு நடுவில், தலையில் கிரீடத்தோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை. அவளைச் சுற்றி ஒளிக்கதிர்கள்.

அம்மா நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இதில் அம்மாவைப் பார்த்துச் சிரிக்க ஒன்றுமில்லை. புதுக்கோட்டை ராசா அந்தக் காலத்தில் நவராத்திரிக்கு அரிசியோடு சேர்த்துத் தானம் கொடுத்த அம்மன் காசு எங்கள் பக்கத்தில் பல வீட்டு உண்டியலில் கிடக்கும். சுண்டுவிரல் நகம் அளவுச் செப்புக் காசு, ஒரு பக்கம் அம்மன் உட்கார்ந்திருப்பாள். காசில் சாமி இருப்பதும், அதைத் தானமாகக் கொடுப்பதும் எங்களுக்குப் புதிதில்லை. இதுவோ வெள்ளி. மடியில் பிள்ளை வேறு. பிள்ளையை மடியில் வைத்திருக்கிற சாமி எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான், பேச்சி. "பேச்சி தானா வந்து என் மடியில விழுந்துட்டாடி" என்று அம்மா அழுதாள். பிச்சை கேட்கப் போனவள், வரும்போது சாமி கொண்டு வருகிறவளைப் போல நடந்து வந்தாள்.

பட்டறையில் மாமா எல்லாவற்றையும் தராசில் போட்டுவிட்டு உருக்குகிற மூசையை எடுத்தார். அம்மா காசை மட்டும் எடுத்துக் கையில் மூடிக்கொண்டாள்.

"இதை உருக்காதீக அண்ணே. வளையம் வச்சு அரணாக்கயித்துல கோத்துக் குடுங்க."

"எல்லாத்தையும் சேத்து உருக்கணும் தங்கச்சி. அதுதானே முறை. உருக்கிட்டா எந்த வீட்டு வெள்ளி எதுன்னு அந்த எமனுக்கே தெரியாது. முழுசா விட்டா, அது அவுக வீட்டுக் காசாவேதான் இருக்கும்."

"பேச்சியைத் தூக்கி நெருப்புல போடச் சொல்றீகளா?"

மாமா குமுட்டி அடுப்பில் கரியை ஊதி, ஆறு வீட்டு வெள்ளியை உருக்கிக் கம்பி இழுத்துச் சங்கிலி பின்னினார். காசின் தலைப்பக்கத்தில், அந்த ரிப்பன் ஆள் மேல், பற்றுப்பொடி வைத்து, ஊதுகுழலால் ஊதி வளையத்தைப் பற்றவைத்தார். தம்பிக்குக் கட்டிப் பார்த்தால், வயிற்றில் பாதியை அந்தக் காசே மறைத்தது. அப்பா பார்த்துவிட்டு, "காசுக்குப் பிள்ளையைக் கட்டிவிட்ட மாதிரில்ல இருக்கு" என்றார். அதிகம் பேசாத மனிதர் பேசிய வேடிக்கை என்பதால் அம்மாவும் சிரித்தாள். அந்த வருஷத்தில் அம்மா சிரித்தது அந்த ஒரு சிரிப்புதான் எனக்கு நினைவிருக்கிறது.

தம்பி தங்கினான். குப்புற விழுந்தான், தலை நின்றது, அம்மாவைக் கண்டால் கையைத் தூக்கினான். அவன் காசை இழுத்து இழுத்துக் கவ்வியதில், அந்தக் கிரீடக்காரி எப்போதும் எச்சிலோடு பளபளத்தாள்.

அப்போதுதான் பெரிய வீட்டு மகன் மெட்ராசிலிருந்து அம்பாசிடர் காரில் வந்தார். பழைய காசு சேர்க்கிற பழக்கம் அவருக்கு. சாமான்களை ஒழுங்கு செய்தபோது பிஸ்கட் டப்பாவைத் திறந்திருக்கிறார். அப்பச்சி, அதாவது செட்டியார், எழுதி வைத்த கணக்கில் இருந்த ஒரு காசு டப்பாவில் இல்லை. ஆச்சியைக் கேட்டார். ஆச்சி மறைக்கவில்லை.

மறுநாள் கணக்கப்பிள்ளை எங்கள் வாசலில் வந்து நின்றார். குடையை மடக்கிக்கொண்டே சொன்னார்: "ஆச்சி வயசானவுக, தெரியாமப் போட்டுட்டாக. அதுக்குப் பதிலா வெள்ளி ரூபா எத்தனை வேணும்னாலும் வாங்கிக்கச் சொல்றாரு எங்க மெட்ராஸ் தம்பி."

அம்மா தம்பியை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். "பிச்சை போட்டதைத் திருப்பிக் கேக்குற வீடும் ஊருல உண்டா?"

"இது என்ன பேச்சு? அது உங்க பேச்சி இல்லத்தா. வெள்ளைக்காரன் கும்பிடுற மாதா."

"மடியில பிள்ளை இருக்குல்ல? அப்ப பேச்சிதேன். போயிச் சொல்லுங்க."

கணக்கப்பிள்ளை குடையை விரித்தார். போகிற போக்கில், எங்களுக்குக் கேட்கட்டும் என்றே, "பேத்தி கல்யாணத்துக்கு வெள்ளிச் சாமான் பூராவும் உங்க அண்ணன்கிட்டச் செய்யச் சொல்லி ஆச்சி சொல்லியிருக்காக. எங்க தம்பி மனசு கோணாம இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வலியவன் வெட்டினது வாய்க்கால். மாமாவுக்கு அந்த வேலை வந்தால், கீற்றுக் கூரையைப் பிரித்து ஓடு போட்டுவிடலாம் என்று அத்தை எத்தனையோ மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே மாமா வந்தார். அவருக்குத் தகவல் போயிருந்தது. தம்பியைத் தூக்கி, வளையத்தை நிமிண்டிப் பார்த்து, "பத்தவச்ச இடம் விட்டிருக்கு. கவ்வுறப்ப வளையத்தை முழுங்கிவச்சான்னா வம்பு. இறுக்கித் தாரேன்" என்று கழற்றிக்கொண்டு போனார். அண்ணன் கேட்டதால் அம்மா கொடுத்தாள். வேறு யார் கேட்டிருந்தாலும் கையை வெட்டியிருப்பாள்.

மறுநாள் மத்தியானம் அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று மாமாவுக்குச் சோறு கொண்டு போனேன். பட்டறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் என் குரலைக் கேட்டுத் திறந்தார். பலகை மேல் இரண்டு காசுகள். இரண்டிலும் அதே கிரீடக்காரி, அதே பிள்ளை. மண் அச்சு இரண்டாகப் பிளந்து பக்கத்தில் கிடந்தது.

"எது நெசம், சொல்லு பாப்போம்" என்றார் மாமா.

நான் பளபளப்பானதைத் தொட்டேன். மாமா சிரித்துவிட்டு இரண்டையும் ஒவ்வொன்றாகக் கல்லில் போட்டார். ஒன்று கோயில் மணியைப் போல இழுத்துப் பாடியது. நான் தொட்டது சட்டென்று அடங்கிவிட்டது.

"பாடுறது உன் தம்பிக்கு. ஊமையாக் கிடக்கிறது பெரிய வீட்டுக்கு" என்றவர், என் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். "உங்க அம்மாகிட்டக்கூடச் சொல்லக் கூடாது. அவ சந்தோசத்துல உளறிருவா. வெளிய தெரிஞ்சா மாமா கையில வெலங்கு மாட்டிருவாக."

அதன் பிறகு அவர் செய்த காரியம்தான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். பொய்க் காசின் தலைப்பக்கத்தில், வளையம் பற்றவைத்துப் பிறகு பிய்த்தெடுத்ததுபோல ஒரு வடுவை ஊதுகுழலால் உண்டாக்கினார்.

பெரிய வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முகப்பில் மேஜை போட்டு, நீல வெல்வெட் விரித்து, மகன் காசுகளை வரிசையாக வைத்திருந்தார். என் பீமன் அங்கே இருந்தான். தாவுகிற குதிரை இருந்தது. நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டு அவருக்குச் சந்தோஷம். படித்தவருக்கு யாராவது கேட்டால் போதும், ஒன்பது வயதுப் பிள்ளையானாலும் சரி.

"இதெல்லாம் ஜெர்மன் தேசத்துக் காசு, தெரியுமா? ஜெர்மனின்னு ஒரே நாடா ஆகுறதுக்கு முந்தி, அங்க ஊருக்கொரு ராஜா. நம்ம ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை இருந்துச்சுல்ல, அது மாதிரி. ஆளாளுக்குத் தனித்தனி அச்சு. தாலர்னு பேரு. இந்தக் காட்டாள் பிரன்ஸ்விக். இது பிரஷ்யா. நீங்க கொண்டாந்திருக்கிறது பவேரியா."

மாமா துண்டில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து நீட்டினார். மகன் வாங்கித் திருப்பினார். தலைப்பக்கத்து வடுவைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"அடப்பாவிகளா! ஓட்டை போடாத குறையா இப்படிச் சுட்டு வச்சிருக்கீகளே! இனி இதை எவன் தொடுவான்? இருநூறு வருசமா இருந்த காசு, உங்க கையில பட்டுக் கெட்டுப்போச்சே!"

"தெரியாமச் செஞ்சது, மன்னிக்கணும்" என்று மாமா இடுப்பை வளைத்து நின்றார். பொய்க் காசில் தானே போட்ட பொய் வடுவுக்காகத் திட்டு வாங்கிக்கொண்டு நின்றார். கதவுக்குப் பின்னால் ஆச்சி நின்றதை நான் பார்த்தேன். அவர் வெளியே வரவில்லை. மகன் அந்த வடு மேலேயே கண்ணை வைத்திருந்ததால், காசின் வேறெதையும் பார்க்கவில்லை. வெல்வெட்டில் கடைசி இடத்தில், கோபத்தோடு அதை வைத்தார்.

தம்பியின் இடுப்புக்கு அவனுடைய காசு வந்து சேர்ந்தது. கணக்கப்பிள்ளை பிறகு வரவில்லை. அண்ணன் ஏதோ பேசிச் சரிக்கட்டிவிட்டார் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். ஒரு பெரிய ரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் தெருவில் பாண்டி ஆடினேன்.

ஐப்பசி அடைமழையில் தம்பிக்கு வயிற்றுப்போக்கு கண்டது. நாட்டு மருந்து கேட்கவில்லை. காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக பஸ் வரவில்லை. அப்பா நனைந்துகொண்டு போய் ஒரு வண்டி பிடித்து வந்தார். போகும்போது அம்மா மடியில் தம்பி. தம்பி வயிற்றில் காசு. அம்மா காசின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். திரும்பி வரும்போதும் அதே மாதிரிதான் கையை வைத்திருந்தாள்.

வாசலில் ஆட்கள் கூடினார்கள். மாமா ஓடி வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். கணக்கப்பிள்ளையும் ஆச்சி சொல்லித் துக்கம் கேட்க வந்தார். நல்லவர்தான். ஆனால் துக்க வீட்டில் எதைப் பேசுவது என்று தெரியாமல் பேசுகிறவர்கள் உண்டே, அந்த ரகம். அம்மா பிள்ளையின் வயிற்றைத் தடவிக்கொண்டு, "பேச்சியைக் கட்டியிருந்தேனே, பேச்சியைக் கட்டியிருந்தேனே" என்று புலம்புவதைக் கேட்டவர், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்:

"அதைத்தான் அன்னைக்கே உங்க அண்ணன் பெரிய வீட்டுத் தம்பிகிட்டக் கொண்டாந்து குடுத்துட்டாரேத்தா. இது வேற ஏதோல்ல."

அழுகை நின்றுவிட்டது. அம்மாவுடையது மட்டுமல்ல, வீட்டில் எல்லாருடையதும். அம்மா மெல்ல எழுந்து மாமாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இறுக்கித் தாரேன்னு சொல்லி வாங்கிட்டுப் போனீகளே அண்ணே... குடுத்துட்டீகளா?"

மாமா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பார் என்று நான் காத்திருந்தேன். "இதுதான் தங்கச்சி நெசக் காசு, கல்லுல போட்டுப் பாரு, பாடும்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்து, "ஆமா" என்றார்.

நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். மாமாவின் கண் என் பக்கம் திரும்பியது. வேண்டாம் என்று ஒரு சின்னத் தலையசைப்பு. எனக்கு விலங்கு நினைவு வந்தது. நின்றுவிட்டேன்.

"தாய்ப் பொன்னுலயும் தட்டான் மாப்பொன் எடுப்பான்னு ஊருல சொன்னாக. நம்ம சாதியைச் சொல்றாகன்னு சண்டைக்குப் போவேன். எம் பிள்ளை உசுருலயே எடுத்துட்டீகளே! வெள்ளிச் சாமான் வேலைக்காக எம் பேச்சியை வித்துட்டீகளே!" அம்மா தம்பியின் இடுப்பிலிருந்து சங்கிலியை அறுத்தாள். காசோடு சேர்த்து மாமாவின் மடியில் வீசினாள். "இந்தப் போலியை நீங்களே வச்சுக்குங்க. இனி எனக்கு அண்ணன் இல்லை."

மாமா அந்த நிஜக் காசை எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டு, மழையில் இறங்கிப் போனார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மாமா தங்கச்சி பிள்ளையை அடகு வைத்துப் பெரிய வீட்டு வேலையைப் பிடித்தவர் ஆனார். பாதிப் பேர் பட்டறையை மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பெரிய வீட்டு வேலையாவது வந்ததா என்றால், அதுவும் வரவில்லை. தையில் ஆச்சி கண்ணை மூடினார். மகன் லாரி கொண்டு வந்து சாமான்களை ஏற்றினார். கணக்கப்பிள்ளைக்குக் கணக்கு முடித்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார். பேத்தி கல்யாணம் மெட்ராசிலேயே நடந்தது.

அம்மா எழுந்து நடமாட ரொம்ப நாளானது. ஆனால் எழுந்துவிட்டாள். இரண்டு பிள்ளை போனபோது சாமி விளக்கையே ஏற்றாமல் கிடந்தவள், இந்த முறை ஏற்றினாள். பார்க்க வருகிற பெண்களிடம் சொல்வாள்: "பேச்சி என்னைக் கைவிடலக்கா. அவ வந்தா. எங்க அண்ணன்தான் அவளை வெளிய அனுப்பிட்டாரு. அடுத்தது தங்கும் பாரு." அவள் சொன்னபடியே அடுத்து ஒரு பையன் பிறந்தான். மறுபடி மடி ஏந்தினாள். பள்ளத்தூரில் வேறொரு பத்தரிடம் எல்லா வெள்ளியையும் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, கடைசிப் பொட்டு உருகும் வரை பார்த்து அரைஞாண் செய்து வாங்கி வந்தாள். அந்தப் பையன் தங்கினான். பிச்சை என்று பேர்.

பிச்சைக்குக் காது குத்து கோயிலில் நடந்தது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் உயிரோடு இரண்டு தெரு தள்ளி இருக்க, அம்மா தன் சித்தி மகனை ஆள் அனுப்பி வரவழைத்து அவர் மடியில் உட்காரவைத்தாள். பிச்சை வீறிட்டு அழுதபோது தற்செயலாகத் திரும்பினேன். எதிரே புளியமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மாமா நின்றிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். யாரும் பார்க்காதபோது நழுவி அவரிடம் ஓடினேன்.

"மாமா, பெரிய வீட்டைத்தான் பூட்டிட்டாகளே. இனி யாரு வெலங்கு மாட்டப் போறா? இப்பவாச்சும் அம்மாகிட்டச் சொல்லிருங்க."

"உங்க அம்மா பேச்சிக்கு விளக்குப் போடுறாளா?" என்று கேட்டார் மாமா.

"செவ்வாய் வெள்ளி தவறாமப் போடுது."

"அப்புறம் என்ன" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

நான் திரும்பி வந்து பந்தியில் உட்கார்ந்தேன். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குக்கூட இப்படிப் பயப்படுகிறாரே, இவ்வளவு பெரிய கோழையா நம் மாமா என்று நினைத்துக்கொண்டே பாயசத்தைக் குடித்தேன்.